நாலு பாஷை, ஒரு மைக்

சாரத்தில் எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு, பென்ஷனை முன்பு பிராங்கிலும் பிறகு யூரோவிலும் வாங்கிக்கொண்டு, வாசலில் ஈஸிசேர் போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு எங்கள் ஊரில் அப்படிப் பெயர். அவருடைய பேரன் பாரீஸில் பிறந்து வளர்ந்தவன். லீவுக்கு வருவான். தமிழைச் சிரமப்பட்டுப் பேசுவான். பிரெஞ்சில் சிரமமே படாமல் திட்டுவான்.

2007. அப்போது எனக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது. பி.காம். முடித்துவிட்டு, டேலி தெரிந்தவன் என்ற ஒரே தகுதியோடு ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் எம்பி3 சிடி ஒன்றை ஓடவிட்டிருந்தேன். பிளாட்பாரத்தில் வாங்கிய சிடி. 'மடை திறந்து' பாட்டு வந்தது. ஆனால் நீங்களும் நானும் ரேடியோவில் கேட்டு வளர்ந்த மடை திறந்து இல்லை. நடுவே யாரோ கடகடவென்று தமிழில் பேசுகிறார்கள், தாளத்தோடு.

பையன் ஜன்னலுக்கு வெளியே நின்றுவிட்டான்.

"அண்ணா, இது யாரு?"

"இளையராஜா" என்றேன், பெருமையாக.

"அது தெரியும். தாத்தா சொல்லியிருக்கார். ராப் பண்றது யாரு?"

சிடி கவரை எடுத்துப் பார்த்தேன். ஒரு நடிகையின் படம் இருந்தது. 'சூப்பர் ஹிட்ஸ்' என்று இருந்தது. பாட்டு எண்கள் வரிசையாக இருந்தன. பாடியவர் பெயர் ஒன்றுகூட இல்லை. எனக்குத் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. தமிழ்நாடு, புதுச்சேரி முழுக்க அந்த வருடம் அந்தப் பாட்டைக் கேட்ட ஆயிரக்கணக்கான பேரைப் பிடித்து உலுக்கியிருந்தாலும் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது.

அந்தப் பெயர்களைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம். ஆனால் அதற்கு முன்னால் நியூயார்க் போயாக வேண்டும்.

*

1973, ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி. கறுப்பின மக்களும் போர்ட்டோரிகோக்காரர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த, வேலையில்லாத இளைஞர்கள் நிறைந்த பேட்டை. செட்ஜ்விக் அவென்யூவில் 1520ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடம். சிண்டி கேம்ப்பெல் என்ற பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் புதுத் துணி வாங்கக் காசு வேண்டும். என்ன செய்யலாம்? கட்டடத்தின் பொது அறையில் ஒரு பார்ட்டி வைத்து டிக்கெட் போடலாம். பெண்களுக்கு 25 சென்ட், பையன்களுக்கு 50 சென்ட். பாட்டு போட அண்ணன் இருக்கிறான். கிளைவ் கேம்ப்பெல். ஜமைக்காவில் பிறந்தவன். பேட்டையில் அவனுக்குப் பெயர் கூல் ஹெர்க்.

அண்ணன் ஒரு விஷயத்தைக் கவனித்து வைத்திருந்தான். பாட்டு முழுக்க யாரும் ஆடுவதில்லை. நடுவில் பாடகர் வாயை மூடி, டிரம்ஸ் மட்டும் தனியே ஒலிக்கிற சில விநாடிகள் வரும். அப்போதுதான் கூட்டம் எகிறுகிறது. அந்தச் சில விநாடிகளை நீட்டினால் என்ன? ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதிகள். இரண்டு பிளேயர். ஒன்றில் அந்த இடம் முடிந்ததும் அடுத்ததில் அதே இடம். அது முடிவதற்குள் முதல் தட்டைப் பின்னுக்குச் சுற்றிவிடு. மறுபடி. மறுபடியும். நீண்டுகொண்டே போகிற அந்தத் தாளத்துக்கு மேலே மைக்கைப் பிடித்து நாலு வார்த்தை எதுகை மோனையோடு பேசு.

அவ்வளவுதான். ஹிப்ஹாப் பிறந்துவிட்டது.

ஆறு வருடம் அது தெருவோடு தெருவாகவே இருந்தது. 1979இல்தான் முதல் பெரிய ரெக்கார்டு ஹிட். நியூஜெர்சியில் சில்வியா ராபின்சன் என்ற அம்மையார், முன்னாள் பாடகி, ஒரு கம்பெனி வைத்திருந்தார். பையன்கள் மைக்கில் பேசுவதைக் கேட்டு, 'அட, இதை ரெக்கார்டாகவே போடலாமே' என்று தோன்றியது. பீட்ஸா கடையில் வேலை பார்த்த ஹேங்க் என்ற குண்டுப் பையனையும் இன்னும் இரண்டு பேரையும் பிடித்தார். ஆளுக்கு ஆள் அதிகம் பழக்கம்கூடக் கிடையாது. குழுவுக்கு 'ஷுகர்ஹில் கேங்' என்று பெயர் வைத்தாயிற்று. பதினாலரை நிமிடத்துக்கு ஒரு பாட்டு, 'ராப்பர்ஸ் டிலைட்'. அமெரிக்காவின் டாப் 40க்குள் நுழைந்த முதல் ராப் ரெக்கார்டு.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. கேளுங்கள். ஹேங்குக்கு வரிகள் எழுதிப் பழக்கமில்லை. கிராண்ட்மாஸ்டர் கேஸ் என்கிற நண்பனின் நோட்டுப் புத்தகத்தை வாங்கி அதிலிருந்து எடுத்துக்கொண்டான். எந்த அளவுக்கு என்றால், கேஸ் தன் பட்டப்பெயரை எழுத்துக்கூட்டி எழுதி வைத்திருந்ததைக்கூட மாற்றாமல் அப்படியே பாடிவிட்டான்! பாட்டு உலகம் முழுக்க ஓடியது. நோட்டுப் புத்தகக்காரனுக்குப் பெயரும் இல்லை, பணமும் இல்லை. பின்னணி இசை 'ஷிக்' என்ற குழுவின் பாட்டிலிருந்து வந்தது. அந்தக் குழுவினர் சும்மா விடவில்லை. வழக்குப் போடுவோம் என்று மிரட்டி, பாட்டில் தங்கள் பெயரையும் பங்கையும் வாங்கிக்கொண்டார்கள். நோட்டுப் புத்தகக்காரனுக்கு மிரட்டத் தெரியவில்லை.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? காரணம் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

*

'தாளத்துக்குப் பேசுவது என்ன பெரிய அமெரிக்க வித்தையா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தஞ்சாவூர்ப் பக்கம் காமன் பண்டிகைக்கு லாவணி பாடுவார்கள். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்தபோது மன்மதன் எரிந்தானா, எரியவில்லையா? ஒருவர் எரிந்த கட்சி, இன்னொருவர் எரியாத கட்சி. டேப் அடித்துக்கொண்டு விடிய விடிய ஒருத்தரை ஒருத்தர் மடக்குவார்கள். கூட்டம் இரண்டாகப் பிரிந்து விசிலடிக்கும். பிராங்க்ஸ் பையன்கள் செய்ததும் ஏறக்குறைய இதுதான். நம்மிடம் கச்சாப்பொருள் இருந்தது. யாரும் அதை மைக்குக்கும் இசைத்தட்டுக்கும் கொண்டுபோகவில்லை.

சினிமா கொஞ்சம் முயன்றது. 1994இல் 'காதலன்' வந்தது. ஏ.ஆர். ரஹ்மானின் 'பேட்ட ராப்'. சுரேஷ் பீட்டர்ஸ் குரலில் நாமெல்லாம் ஆடித் தீர்த்தோம். ஆனால் அது ஒரு படத்துக்குள்ளே ஒரு பாட்டு. பிரபுதேவா ஆடினார், அடுத்து ஒரு டூயட் வந்தது, ராப் போய்விட்டது. ராப் பாடுவதே வேலையாக, குழுவாக, ஆல்பமாக, படம் எதுவும் இல்லாமல் தமிழர்கள் செய்ய வேண்டும் என்றால்?

அதற்கு மலேசியா தேவைப்பட்டது.

*

மலேசியத் தமிழர்களின் முன்கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறி, பினாங்கில் இறங்கி, ரப்பர்க் காடுகளுக்குள் போனவர்களின் பேரப்பிள்ளைகள். கங்காணி கூட்டிப்போனார். வெள்ளைக்காரர் தோட்டம் வைத்திருந்தார். 1957இல் நாடு சுதந்திரம் அடைந்தது. அப்புறம் ரப்பர் போய் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டு துண்டாகின. பல இடங்களில் வீட்டுமனைகளாகவும் மாறின. தோட்டத்தை விட்டால் வேறு ஊர் இல்லாத குடும்பங்கள் நகரங்களின் ஓரங்களில் வந்து ஒண்டின. அங்கே பிள்ளைகளுக்குக் கிடைத்தது குறைந்த கூலி வேலை. அல்லது அடிதடிக் கும்பல். 'இந்தியப் பையன்' என்றால் போலீஸ்காரர் ஒரு மாதிரி பார்ப்பார் என்கிற நிலை.

பிராங்க்ஸுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

இன்னொரு விஷயம், பாஷை. அந்த ஊர்த் தமிழ்ப் பையன் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆறு வருடம் படிக்கிறான். பிறகு மலாய் மொழியில் உயர்நிலைப் பள்ளி. தெருவில் சீனக் கடைக்காரரிடம் கான்டனீஸ் சில வார்த்தை. டிவியில் இங்கிலீஷ். காலையில் எழுந்து ராத்திரி படுப்பதற்குள் நாலு பாஷை அவன் வாயில் புகுந்து புறப்படுகிறது.

1990களில் மலேசியாவில் ராப் கேட்கத் தொடங்கியிருந்தது. கேஆர்யு என்ற மூன்று சகோதரர்கள் 1992இலேயே மலாய் மொழியில் அடித்துக்கொண்டிருந்தார்கள். இந்தச் சூழ்நிலையில் உருவானதுதான் 'பொயடிக் அம்மோ'. கவிதைத் தோட்டா என்று வைத்துக்கொள்ளலாம். யோகி பி, பாயின்ட் பிளாங்க், லேண்ட் ஸ்லைட், சி. லோகோ என்று நாலு பேர். பாயின்ட் பிளாங்க் சீன வம்சாவளி. மற்றவர்கள் நம்மவர்கள். யோகி பியின் இயற்பெயர் யோகேஸ்வரன் வீரசிங்கம்.

1998இல் முதல் ஆல்பம். உயிரோடு இருக்க இது நல்ல நாள் என்று அர்த்தம் வருகிற இங்கிலீஷ் தலைப்பு. கணக்கு எழுதுகிறவன் பார்வையில் அந்த வருடத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1997இல் தாய்லாந்தில் ஆரம்பித்த ஆசியப் பொருளாதார நெருக்கடி மலேசிய ரிங்கிட்டைத் தூக்கி அடித்திருந்தது. கம்பெனிகள் திவாலாகிக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் இப்படி ஒரு தலைப்பு!

ஆல்பத்தில் இங்கிலீஷ், மலாய், தமிழ், கான்டனீஸ் நாலும் இருந்தன. 'எவரிதிங் சேஞ்சஸ்' பாட்டு பெரிய ஹிட். மலேசிய இசை உலகம் திரும்பிப் பார்த்தது. 2000இல் இரண்டாவது ஆல்பம், 'தி வேர்ல்ட் இஸ் யுவர்ஸ்'. உலகமே உன்னுடையது!

ஆனால் அந்த நாலு பாஷைக்கும் ஒரே எடையா? அதுதான் இல்லை. மார்க்கெட்டைப் பிடித்தது இங்கிலீஷ். தமிழ் ஓரத்தில் இருந்தது, இலையில் ஊறுகாய் மாதிரி. மலேசியாவில் இந்திய வம்சாவளியினர் மொத்த ஜனத்தொகையில் சுமார் 7 சதவிகிதம். அவர்களிலும் எல்லாரும் தமிழர் இல்லை. தமிழ் கேட்கிறவர்களுக்கோ சென்னையிலிருந்து வாராவாரம் சினிமாப் பாட்டு வந்து குவிகிறது. இதற்கு நடுவில் படமில்லாத, நாயகி இல்லாத தமிழ் ராப் ஆல்பத்தைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள்? எந்த ஆடிட்டரைக் கேட்டாலும் 'வேண்டாம் தம்பி' என்றுதான் சொல்லியிருப்பார்.

இங்கே சொல்தா தாத்தாவின் பேரனை ஒரு நிமிடம் கூப்பிட வேண்டும். அவனுக்கு எம்சி சோலார் மனப்பாடம். செனகலில் பிறந்து பிரான்சில் வளர்ந்தவர். 1991இல் பிரெஞ்சு மொழியில் ராப் ஆல்பம் போட்டுப் பெயர் வாங்கியவர். பிரான்சில் ஒரு சட்டம் போட்டார்கள். ரேடியோக்காரர்கள் ஒலிபரப்பும் பாட்டுகளில் 40 சதவிகிதம் பிரெஞ்சில் இருக்க வேண்டும். 1996 முதல் அமல். சட்டம் போட்டவர்கள் மனதில் இருந்தது ராப் அல்ல, பழைய பிரெஞ்சுப் பாட்டு. ஆனால் கோட்டாவை நிரப்பப் புதுப் பாட்டு வேண்டுமே? அரபு, ஆப்பிரிக்கக் குடும்பங்களில் பிறந்த பையன்கள் பிரெஞ்சில் எழுதித் தயாராக வைத்திருந்தார்கள். கதவு திறந்தது, உள்ளே புகுந்துவிட்டார்கள்.

மலேசியத் தமிழ்ப் பையனுக்கு அப்படி எந்தச் சட்டமும் இல்லை. இருந்தும் யோகி பி தமிழுக்கு வந்தார்.

*

இங்கிலீஷில் பெயர் வாங்கிய ஆள், சின்ன மார்க்கெட்டுக்கு இறங்கி வருவது வியாபாரத்தில் நஷ்டக் கணக்கு. தன்னைவிட இளையவர்களான இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டார். டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ். குழு, 'யோகி பி அண்ட் நட்சத்திரா'. 2006இல் 'வல்லவன்' ஆல்பம். முழுக்கத் தமிழ் ஹிப்ஹாப். பரவலாக விற்பனைக்கு வந்த முதல் முழு நீளத் தமிழ் ஹிப்ஹாப் ஆல்பம் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

அதில்தான் 'மடை திறந்து'.

எத்தனையோ இளையராஜா பாட்டு இருக்க, ஏன் இது? அவர்கள் மனதில் என்ன இருந்ததோ. ஆனால் பொருத்தத்தைப் பாருங்கள். 1980 தீபாவளிக்கு வந்த படம், பாரதிராஜாவின் 'நிழல்கள்'. பட்டணத்தில் வேலை கிடைக்காமல் திண்டாடும் இளைஞர்களின் கதை. அதில் ஒருவனுக்குப் பெரிய இசையமைப்பாளர் ஆக வேண்டும் என்று கனவு. கையில் காசில்லை. அவன் காணும் கனவுதான் வாலி எழுதி எஸ்.பி.பி. பாடிய அந்தப் பாட்டு. திரையில் சந்திரசேகர் வருவார். இளையராஜாவே ஒரு கணம் தலைகாட்டுவார். பாட்டு நின்றது, படம் ஓடவில்லை. வேலையில்லாத பாட்டுக்காரனின் பாட்டு, கால் நூற்றாண்டு கழித்து, ரப்பர்க் காட்டுச் சமூகத்துப் பிள்ளைகளின் கைக்குப் போயிருக்கிறது. தங்கள் கனவை அதற்கு நடுவில் செருகிவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் அது பரவிய விதம்தான் விசேஷம். விளம்பரம் கிடையாது, போஸ்டர் கிடையாது. எம்பி3 சிடி, செல்போன் ப்ளூடூத். டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட் ஆசாமி, 'அனுப்பு தலைவா' என்று கேட்டு வாங்கிக்கொள்வார். காலேஜ் கல்ச்சுரல்ஸ் எல்லாவற்றிலும் யாராவது ஒருவன் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மூச்சு வாங்கப் பாடினான். நான் கொடுத்த காசும் பிளாட்பாரக்காரரோடு நின்றுவிட்டது. வரவு, செலவு இரண்டு பக்கமும் எழுதிப் பழகியவன் நான். இந்தப் பாட்டை நூறு முறையாவது கேட்டிருப்பேன். பாடியவர்கள் கணக்கில் என் பங்கு பூஜ்யம். ஹேங்கின் நோட்டுப் புத்தகக் கதையைச் சொன்னேன் அல்லவா? அதைப் படிக்கிறபோதெல்லாம் எனக்கு அந்த சிடி கவர் ஞாபகம் வரும்.

2007 நவம்பர் 25ஆம் தேதி கோலாலம்பூர்த் தெருக்களில் இண்ட்ராஃப் அழைப்பில் பல்லாயிரம் இந்தியர்கள் திரண்டார்கள். போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. தோட்டம் போச்சு, கோயில் இடிபடுகிறது, பிள்ளைகளுக்கு வழியில்லை என்று அரை நூற்றாண்டு ஆதங்கம் வெடித்தது. நம் பத்திரிகைகள் அப்போதுதான் 'மலேசியத் தமிழர் பிரச்னை' என்று தலைப்புப் போட்டன. ஒரு வருடமாக அந்தச் சமூகத்தின் குரல் நம் பாக்கெட்டில் ரிங்டோனாக இருந்தது. நமக்கு அது உறைக்கவில்லை.

*

கோடம்பாக்கத்துக்கு மோப்ப சக்தி அதிகம். 2007 தீபாவளிக்கு 'பொல்லாதவன்'. எம்.எஸ்.வி.யின் பழைய 'எங்கேயும் எப்போதும்' பாட்டை ஜி.வி. பிரகாஷ் புதுப்பித்தார். பழைய பாட்டைப் பாடிய அதே எஸ்.பி.பி., கூடவே யோகி பி. பிறகு 2011இல் 'ஆடுகளம்' படத்தில் 'போர்க்களம்'. 2017இல் 'விவேகம்' படத்தில் அனிருத் இசையில் 'சர்வைவா'. 2018இல் ரஜினியின் 'காலா'வில் 'கற்றவை பற்றவை'. டாக்டர் பர்ன் 2009இலேயே 'ஆதவன்' படத்தின் 'ஹசிலி ஃபிசிலி'யில் எட்டிப் பார்த்துவிட்டார்.

நல்ல விஷயம்தானே என்பீர்கள். ஆமாம். ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. நாலு பாஷையில் தனி ஆல்பம் போட்ட ஆள், இங்கே வந்தால் இரண்டாம் சரணத்துக்கு முன் வருகிற எட்டு வரிக்காரர் ஆகிவிடுகிறார். பாட்டு ஹீரோவுடையது. அவர் அதற்குக் காரம் சேர்க்கிறார். அவருடைய கதையைச் சொல்ல இடமில்லை. சினிமாவுக்கு வெளியே நின்றபோது 'வல்லவன்' ஆல்பத்துக்கு இருந்த திமிர், உள்ளே வந்தபின் கிடைக்கவில்லை என்பது என் கட்சி. நீங்கள் எரியாத கட்சி என்றால் வாருங்கள், விடிய விடியப் பேசுவோம்.

இதற்கிடையில் கோயம்புத்தூரிலிருந்து ஆதியும் ஜீவாவும் வந்தார்கள். ஹிப்ஹாப் தமிழா. 2011இல் அவர்களுடைய 'கிளப்புல மப்புல' இன்டர்நெட்டில் பற்றிக்கொண்டது. 2012இல் 'ஹிப்ஹாப் தமிழன்' ஆல்பம். இந்தியாவின் முதல் தமிழ் ஹிப்ஹாப் ஆல்பம் என்று அறிமுகம் ஆயிற்று. பொய்யில்லை. 'இந்தியாவின்' என்ற வார்த்தையை மட்டும் அழுத்திப் படிக்க வேண்டும். நம் ஆட்கள் நாளடைவில் அந்த வார்த்தையைச் சாப்பிட்டுவிட்டார்கள்.

ரப்பர்க் காட்டின் தொடர்ச்சியை வேறொரு பக்கத்தில் பார்க்க முடிந்தது. 2018 ஜனவரியில் சென்னையில் பா. ரஞ்சித், டென்மா முயற்சியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியது. கானாவும் ராப்பும் ஒன்றாக. அதிலிருந்து வந்த அறிவு, 2021இல் தீயோடு சேர்ந்து 'எஞ்சாய் எஞ்சாமி' பாடினார். அதற்குப் பின்னால் இருப்பவர் அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். அங்கே ரப்பர், இங்கே தேயிலை. அந்தப் பாட்டைச் சுற்றியும் யாருக்கு எவ்வளவு பெயர், யாருக்கு எவ்வளவு பணம் என்று பெரிய சர்ச்சை வந்தது. ஷுகர்ஹில் கேங் காலத்திலிருந்தே இந்தக் கலைக்கு இந்த ஜாதகம்.

சொல்தா தாத்தா இப்போது இல்லை. பேரனுக்கு நான் அன்று சொல்லாத பதிலை, அடுத்த லீவுக்கு அவன் வந்தபோது சொன்னேன். யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ். மலேசியா. அவன் பேனா வாங்கி உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். தாத்தா ஈஸிசேரில் இருந்தபடியே, "எஸ்.பி.பி. பாடுற இடத்துல எதுக்கு அவனுங்க நடுவுல வந்து சண்டை போடுறானுங்க?" என்று கேட்டார்.

2017 ஆகஸ்டில் சாரத்தில் 'விவேகம்' பட பேனர் கட்டிக்கொண்டிருந்த பையன்கள் ஸ்பீக்கரில் 'சர்வைவா' போட்டிருந்தார்கள். மூச்சு விடாமல் கூடவே சொல்லிக்கொண்டிருந்தான் ஒருவன். ஒரு எழுத்து பிசகவில்லை. நின்று கேட்டேன்.

"தம்பி, இது யாரு பாடுறது?"

ஏணியின் மேலிருந்து என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"தல பாட்டு சார்."